கடலில் செத்த குதிரைக்கும்

வண்ணார்பேட்டை மேம்பாலத்துப் பக்கம்
எங்கள் காஸ் ஏஜென்சியின் கண்ணாடியில்
அரைவட்டமாக ஓர் ஓட்டை.
இந்த மாதம் உலகச் செய்தி முழுக்க
அதன் வழியே புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"இருபத்தோரு நாளாச்சு தாயி. எப்பம் வரும்?"
உச்சிமாகாளி. கொக்கிரகுளத்தில் புரோட்டாக்கடை.
"ஹோர்முஸ்ல கப்பலு நிக்கி அண்ணாச்சி."
"அது எங்க கெடக்கு?"

மேனேஜர் ஒட்டச் சொன்ன அறிவிப்பில்
'தவிர்க்க இயலாத காரணங்கள்' என்று மட்டும் இருந்தது.
எனக்கு அந்தக் காரணத்தைத் தெரியும்.
எம்.ஏ. வரலாறு, இரண்டாம் பருவம்,
பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு
அதன் பெயரை எழுதியிருக்கிறேன்,
எழுத்துப்பிழையோடு.

அங்கேயிருந்துதான் குதிரை வந்தது
காயலுக்கு.
இப்போது போய்ப் பார்த்தால்
உப்பளம், உடைமரம், வெயில்.
கடல் எழுந்து போய்விட்டது.
அன்றைக்குப் பாண்டியனுக்குக்
குதிரை வாங்கத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை.
வெந்த தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டினார்களாம்.
செத்தன.
மறு வருஷமும் வாங்கினார்கள்.
லாடம் கட்டுகிறவன் ஒருத்தனும்
இந்தக் கரைக்கு வந்துவிடாமல்
வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்களாம்.

பாரசீகத்தான் ஒருவன் கணக்கு எழுதி வைத்திருக்கிறான்.
குதிரை ஒன்றுக்கு இருநூற்று இருபது பொன்.
வருகிற வழியில் கடலில் செத்தாலும் அதே விலை.
பணம் கோயில் வருமானத்திலிருந்து போனதாம்.
எந்தக் கோயில், எந்த வயல், எந்த விளக்கின் எண்ணெய்,
அது அவன் கணக்கில் இல்லை.
பரீட்சைக்குப் படித்தபோது
அந்த வரியை நான் அடிக்கோடிடக்கூட இல்லை.

மதியம் ஸ்டோர் ரூம் டிவியில் கோட் போட்ட ஒருவர்
"வரலாறு திரும்புகிறது" என்றார்.
திரும்பினால் நல்லதுதான்,
காயலுக்குக் கடலாவது வரும்.
சிலிண்டர் தூக்கும் சொரிமுத்து
சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து
முதுகு வலிக்கிறது என்கிறான்.

நாலு மணிக்கு மறுபடி உச்சிமாகாளி.
விறகு வாங்கிப் போட்டுவிட்டானாம், கண் சிவந்திருந்தது.
"சரக்குக் கூலி, போர் இன்சூரன்சுன்னு
எல்லாத்தையும் வெலையில ஏத்துவானுவளாமே.
கப்பலு சும்மா நிக்க நாளுக்கும் நாந்தான் குடுக்கணுமா?"
"ஆமா அண்ணாச்சி. செத்த குதிரைக்கும் சேத்து."
"எந்தக் குதிர?"
அவனுக்குப் பின்னால் பதினெட்டுப் பேர்.
நான் ரசீதைக் கிழித்தேன்.

வரிசை தீர்ந்தபின் மைதீன் பாத்து வந்தாள்.
மேலப்பாளையம். கையில் புத்தகம் இல்லை.
மகன் எண்ணெய்க் கப்பலில் சமையல் உதவியாள்,
நங்கூரம் போட்டுப் பத்தொன்பது நாள்.
போன் வந்தால் "நல்லாருக்கேன்" என்கிறானாம்.
அவன் ஒருபோதும் அப்படிச் சொல்லுகிறவன் இல்லையாம்.
"அந்த எடம் எம்புட்டு அகலம்?"

நான் போனில் பார்த்தேன். மனசுக்குள் கூட்டினேன்.
"ரொம்பக் குறுகலான எடத்துல,
இங்கேயிருந்து நாங்குநேரி தூரம்.
இல்லேன்னா கொஞ்சம் கூட."
"நாங்குநேரியா?
அம்புட்டுதானா?"
வேறெதுவும் கேட்கவில்லை.
நானும் பாண்டியனைப் பற்றி வாய் திறக்கவில்லை.
கரையில் நின்றுகொண்டு
அந்தக் குதிரைகளோடு கப்பலில் வந்த பையன்களை
யாராவது எண்ணினார்களா என்று
எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மறுநாள் கடை திறக்குமுன் நின்றிருந்தாள்.
புர்காவின் ஓரத்தில் செம்மண்.
"போயிட்டு வந்தேன்" என்றாள்.
"எங்க?"
"நாங்குநேரிக்குத்தான். பஸ்ல.
சன்னல் ஓரமா உக்காந்து
ஒண்ணு விடாமப் பாத்துக்கிட்டே போனேன்.
ஒரு மணி நேரம்கூட ஆவல.
டோல்கேட்டுல மட்டும்
கொஞ்ச நேரம் நிறுத்திப்போட்டான்."